நாட்காட்டிக்குப் பின்னால் இருக்கும் புள்ளி

தோகாய்,
பிப்ரவரி 11

அன்புள்ள கென்சாகு அண்ணாவுக்கு,

உன் தங்கை ஃபுயுமி எழுதுவது. ராவுசுவிலிருந்து நீ அனுப்பிய கடற்பாசிப் பெட்டி போன திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கும் என்று அம்மா ஒவ்வொரு பாசியையும் பிரித்து உதறிப் பார்த்தாள். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் இல்லை என்றதும், "பாசி நல்லா தடிமனா இருக்கு. அவன் நல்லா சாப்பிடறான்னுதான் அர்த்தம்" என்று தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அன்று ராத்திரி முள்ளங்கியும் முட்டையும் போட்டுக் குழம்பு கொதித்தது. அப்பா மூன்று முறை வாங்கிக் குடித்தார்.  கடைசியில் கிண்ணத்தை வைத்துவிட்டு, "ராவுசுல இப்போ கடல்ல பனிக்கட்டி மிதக்குமாமே" என்று மட்டும் சொன்னார். தொலைக்காட்சியில் உங்கள் ஊர் வானிலை வரும்போது இப்போதெல்லாம் யாரும் சத்தம் போடக் கூடாது.

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த முகவரிச் சீட்டை நான் ஈரத்துணி வைத்து ஊறவைத்துக் கிழியாமல் எடுத்து வைத்துக்கொண்டேன். மூன்று மாதமாக நீ போனை எடுப்பதில்லை, மெயிலுக்குப் பதில் இல்லை. முகவரி கிடைத்த பிறகும் நான் எழுதாமல் இருந்தால் அது என் தப்பு. எனக்குப் பேசத்தான் வராது. எழுதுவது கொஞ்சம் வரும் என்று உனக்குத் தெரியும்.

இங்கே எல்லோரும் நலம். இந்த வருஷம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு நன்றாக இனிக்கிறது. காற்றும் கடல் பக்கமிருந்து காய்ந்ததாக வருவதால், சீவிப் பரப்பிய கிழங்கு ஒரு வாரத்தில் உலர்ந்துவிடுகிறது. அம்மாவுக்குத் தோள்வலி. உரிப்பதற்கு ஒரு ஆள் குறைவு என்று அப்பா பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அம்மாளைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் வேலையெல்லாம் சுத்தம்தான், ஆனால் வாய் ஓயாது. "உங்க பையன் விஞ்ஞானியாமே, எங்கே காணோம்?" என்று முதல் நாளே கேட்டார். "வடக்கே வேலையா போயிருக்கான்" என்றாள் அம்மா. பொய் இல்லைதான்.

அம்மா இன்னும் இது ஏதோ பெண் விஷயம் என்று நம்புகிறாள். தெராகாதோ அக்கா உன்னோடு ஐந்து வருஷம் ஒரே அறையில் வேலை செய்தவர் அல்லவா, அதனால் அவர் வீட்டுக்கு வந்தாலே அம்மா அவர் முகத்தை உற்றுப் பார்க்கிறாள். போன மாதம் அக்காவே பொறுக்க முடியாமல், "அம்மா, உங்க பையனை நான் கட்டிக்கிறதா இருந்தா முதல்ல அவனைக் கண்டுபிடிச்சு ரெண்டு அறை விட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அதில் பாதி ஏமாற்றம், பாதி நிம்மதி.

அண்ணா, புது வருஷம் முடிந்த வாரத்தில் உங்கள் ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் யட்டாபே நம் வீட்டுக்கு வந்தார். அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். கோட்டும் டையுமாக, கையில் இனிப்புப் பெட்டியோடு வந்து, அப்பா வற்புறுத்தியும் கணப்பு மேசைக்கு அடியில் சூட்டுக்குக் காலை நீட்டாமல் பாயில் மண்டியிட்டார். பிறகு நெற்றி பாயில் படும்படி குனிந்து, "உங்க மகன் போனதுக்கு நான்தான் காரணமா இருக்கணும். ஏதாவது கடுமையா பேசியிருக்கேன் போல. எவ்வளவு யோசிச்சும் என்ன பேசினேன்னு ஞாபகம் வரல. மன்னிச்சிடுங்க" என்றார். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் குனிந்துவிட்டார். இரண்டு பேரும் எதிரெதிரே குனிந்தபடியே இருந்தார்கள். யார் முதலில் நிமிர்வது என்று தெரியவில்லை. அம்மா தேநீர் கொண்டுவந்த பிறகுதான் நிமிர்ந்தார்கள்.

நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மேல் தப்பில்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாய் திறக்கவில்லை. அது உன்னுடைய விஷயம். ஆனால் அந்த நரைத்த தலை பாயில் பட்டதை நீ பார்த்திருந்தால் அன்றைக்கே வண்டி ஏறியிருப்பாய்.

அப்புறம் அப்பா மெதுவாகக் கேட்டார்: "சார், அவன் இல்லாம நீங்க வேலையை முடிச்சுக்கக் கூடாதா? அப்படி என்னதான் அளக்கறீங்க?" அதற்குப் பேராசிரியர் நம் உலர்கிழங்குத் தட்டையே இழுத்து வைத்துக்கொண்டு பாடம் எடுத்தார். பிரபஞ்சம் தொடங்கிய முதல் சில நிமிஷங்களில் லித்தியம் என்று ஒன்று உண்டானதாம். கணக்குப்படி அது மூன்று துண்டு இருக்க வேண்டும் என்று மூன்று கிழங்குத் துண்டை எடுத்து வைத்தார். மிகப் பழைய நட்சத்திரங்களில் தேடினால் ஒரு துண்டுதான் கிடைக்கிறதாம். மீதி இரண்டையும் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"எலி தின்னிருக்கும் சார்" என்றார் அப்பா.

பேராசிரியர் மென்றுகொண்டே தொடையில் தட்டினார். "அதேதான்! அந்த எலி உண்டா இல்லையான்னு பார்க்கத்தான் கென்சாகு அந்தப் பெட்டியைக் கட்டினான்" என்றார். லித்தியமாக மாற வேண்டிய பெரிலியம், மாறுவதற்கு முன்பே ஒரு நியூட்ரான் மோதி இரண்டு ஹீலியமாக உடைந்து போயிருக்கலாம். அப்படி எத்தனை உடையும் என்று எண்ணுவதுதான் உன் பெட்டியின் வேலை என்று சொன்னார். உடைந்த இரண்டும் எதிரெதிர்ப் பக்கமாகப் பறப்பதைக் கம்பிகள் பிடித்துக்கொள்ளுமாம். அப்பா பெருமையை மறைத்துக்கொண்டு, "நான் வந்து பார்த்தேனே, கிழங்கு சீவுற சட்டத்துக்குத் தங்க முலாம் பூசின மாதிரி இருந்துச்சு" என்றார். அப்பா அன்று சொன்னதிலிருந்து ஆய்வுக்கூடத்தில் அதற்குக் கிழங்குப் பெட்டி என்றுதான் பெயர் என்று பேராசிரியர் சொன்னதும் அப்பாவுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

விடையை ஒரு ரகசிய எண்ணால் மறைத்து வைப்பது எதற்கு என்றும் அப்பா கேட்டார். "எந்த விடை வேணும்னு மனசுக்குள்ள ஒரு ஆசை இருக்கும் பாருங்க. அந்த விடை வர்ற வரைக்கும் தப்பைத் தேடிக்கிட்டே இருப்போம். வந்ததும் தேடறதை நிறுத்திடுவோம். அதனாலதான் எங்களுக்கு நாங்களே கண்ணைக் கட்டிக்கிறோம்" என்றார் பேராசிரியர். கணக்குப் போடுகிறவர் யாருக்கும் தெரியாத ஓர் எண்ணைக் கணினி எல்லா விடையோடும் கூட்டித்தான் காட்டும், எல்லாத் தப்பையும் களைந்த பிறகு ஒரே ஒரு முறை திறப்போம், வந்தது எதுவானாலும் அதைத்தான் வெளியிட வேண்டும், பிடிக்கவில்லை என்று திரும்ப மூட முடியாது என்றார். அப்பா ரொம்ப நேரம் தலையாட்டிவிட்டு, "எங்க கூட்டுறவுச் சங்கத் தராசுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தா நல்லாயிருக்கும்" என்றார்.

அந்த எண்ணை மனதில் வைத்திருக்கும் உன் தங்கை மூலையில் உட்கார்ந்து உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எடுபிடி வேலைக்கு வரும் என்னை அதற்குத் தேர்ந்தெடுத்த நாள் உனக்கு நினைவிருக்கும். கணக்கில் சேராத, வாய் பேசாத ஆள் வேண்டும் என்று பேராசிரியர் கேட்டபோது, "ஓனுகி கென்சாகுவோட தங்கச்சிதான். அது வணக்கத்தையே ரகசியமா வெச்சிருக்கு" என்று அக்கா சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எனக்கு அது வருத்தமாக இல்லை. பள்ளியில் பேசாதது குறையாக இருந்தது. அங்கே முதல் தடவையாக அது ஒரு வேலையாக ஆனது. நீங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, நான் தட்டச்சு செய்தேன். அதே எண்ணை நான் மறுபடி தட்டினால்தான் பூட்டு திறக்கும் என்பதால் பேராசிரியர் எனக்குச் சைக்கிள் தலைக்கவசம் வாங்கித் தந்தார். "ரோட்டைப் பார்த்துக் கடக்கணும்மா, அஞ்சு வருஷ வேலை உன் தலைக்குள்ள போகுது" என்று இன்றைக்கும் வாசல் வரை வந்து சொல்கிறார்.

இனி எழுதப்போவது கொஞ்சம் கஷ்டம். அதனால் எழுந்து போய், வெளியே பரப்பியிருந்த கிழங்கைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன்.

நவம்பரில் முதல் கிழங்கு வேகவைத்த அன்று காலை கொட்டகையில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். ஒரே ஆவி. உன் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நீ பல நாளாகத் தூங்கவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். சூடு பொறுக்காமல் கிழங்கைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே நீ சொன்னாய்: "ஃபுயு, அந்த நம்பர்... பிளஸ்ஸா மைனஸா? அது மட்டும் சொன்னா போதும்."

நான் பேசவில்லை. நான் எப்போதுமே பேசுவதில்லை. ஆனால் அன்று நீ அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டாய். "ஐயோ, விடு, விடு, நான் கேக்கல" என்று கத்தியைத் தொட்டியில் போட்டுவிட்டு வெளியே போனாய். மறு வாரம் உன் அறை காலியாக இருந்தது.

கோபம் இல்லை அண்ணா. என் கையிலும் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பதில் சொல்லக் கூடாது என்று தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன் என்பதை எப்படிச் சொன்னால் உனக்கு வலிக்காது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் நீ கதவைத் தாண்டிவிட்டாய். என்னோடு பேசுகிறவர்களுக்கு எப்போதும் இந்தத் தொல்லைதான்.

மூன்று மாதமாக நான் இதை யோசித்துவிட்டேன். யாருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. கேட்டது உண்மை, ஆனால் தெரிந்துகொண்டது நடக்கவில்லை. விதி உடையவில்லை. உடைந்தது உனக்குள்ளே வேறு ஏதோ. அதை நீ ராவுசுவில் உட்கார்ந்து ஒட்ட முடியாது. நான் இதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பேராசிரியரிடம் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நீயே சொல். அவர் கோபப்படுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் மேல் தப்பில்லை என்று தெரிந்தால் அந்த மனிதர் நன்றாகத் தூங்குவார்.

நான் உனக்காக இரண்டு ரகசியம் காக்கிறேன். ஒன்று நானாக ஏற்றுக்கொண்டது. அது கனமாகவே இல்லை. பல் தேய்க்கும்போது தினம் ஒரு முறை மனதில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். மற்றது நீ கொட்டகையில் போட்டுவிட்டுப் போனது. அதுதான் கனக்கிறது.

இப்போது முக்கியமான செய்தி. போன புதன்கிழமை கூட்டத்தில், இனி தள்ளிப்போட முடியாது, இந்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் விடையைத் திறப்பது என்று முடிவாகிவிட்டது. வேறொரு நாட்டிலும் இதையே அளந்து முடிக்கப் போகிறார்களாம். உங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். ஆய்வுக் கட்டுரையில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரையும் பேராசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவரவர் தன் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் பெயர் போய்விடும். உனக்காக இரண்டு முறை தேதி மாற்றினார்கள். இந்தத் தடவை, உன் பெயரை எடுத்துவிட்டுத் திறக்கலாம் என்று ஒருவர் சொன்னார். யார் என்று எழுத மாட்டேன், அவர் கெட்டவர் இல்லை. உடனே தெராகாதோ அக்கா, "அந்த மடையன் கட்டின பெட்டி அது. அவன் பேரை எடுத்தா என் பேரையும் எடுத்துடுங்க. அப்புறம் அந்தப் பெட்டியையும் கழட்டிக் கிழங்கு சீவ அனுப்பிடுங்க" என்று மேசையைத் தட்டினார். 

அப்போது ஒரு குரல், "அண்ணன் வருவான்" என்றது.

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "யாரு பேசினது?" என்று கேட்டார். ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நான்தான் அண்ணா. எனக்கே அது யார் குரல் என்று புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. அக்கா, "இதுக்குக் குரல் இருக்கு!" என்று கத்தினார். ஒருவர் கை தட்டினார். எனக்கு அந்தப் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "சாவியே சொல்லுது. அன்னிக்கு மதியம் வரைக்கும் அவன் பேரு இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

நான் சொன்னது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. அதை நீதான் முடிவு செய்ய வேண்டும். அன்று இரவு ஒரு கெட்ட எண்ணமும் வந்தது. வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, எண் மறந்துவிட்டது என்று சொன்னால் என்ன? நீ வரும் வரை பூட்டு திறக்காதே. ஆனால் அக்காவின் ஐந்து வருஷமும் அதற்குள்தான் இருக்கிறது. அதனால் சொல்ல மாட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் எண்ணைச் சரியாகத் தட்டுவேன். இதை நீ முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் அறையை அம்மா தினமும் திறந்து காற்றோட்டமாக வைக்கிறாள். உன் கத்தியை நான் துடைத்து உன் மேசை மேல் வைத்திருக்கிறேன். நீ கடைசியாகப் போட்ட வரைபடம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது, நடுவில் அந்த ஒற்றைப் புள்ளியோடு. அது எண் கூட்டிய விடை என்று எனக்குத் தெரியும். கூட்டிய எண்ணும் எனக்குத் தெரியும். பள்ளியைப் பாதியில் விட்டவளுக்கும் கழித்தல் வரும் அண்ணா. கடையில் விலையைப் பார்த்ததும் மீதி எவ்வளவு என்று மனதில் தானாக ஓடுமே, அந்த மாதிரி ஒரு பார்வை போதும். உலகத்திலேயே எனக்கு மட்டும் விடை தெரிந்துவிடும்.

அதனால் நீ போன அன்றே, அந்தப் பக்கம் பார்க்காமல் கையால் தடவித் தடவிப் போய், கூட்டுறவுச் சங்கத்து அடுத்த வருஷ நாட்காட்டியை அதன் மேல் மாட்டிவிட்டேன். அதற்கு முன்பு பார்த்திருந்தபோது எனக்கு அந்தக் கோடுகளின் அளவு புரிந்ததில்லை. இப்போது பேராசிரியர் அப்பாவுக்குச் சொன்னதைக் கேட்ட பிறகு புரிந்துவிடுமோ என்று பயம் இன்னும் கூடிவிட்டது. இந்த மாதம் பிறந்ததும் தாளைக் கிழிக்க அம்மா நாட்காட்டியைத் தூக்கினாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். "என்னடி, பேய் கீய் பார்த்தியா?" என்று கேட்டாள். கீழே இறக்கி மாட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் கண் திறந்தேன்.

பள்ளியில் ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது எனக்குச் சத்தம் வராது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நாளிலும் என்னை வரவில்லை என்று குறித்தார்கள். இருந்துகொண்டே இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை உன் பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் பேராசிரியர் கொஞ்ச நேரம் காத்திருப்பார்.  அதன் பிறகு என்னைக் கூப்பிடுவார். அத்தனை பேர் முன்னால் கணினி வரைக்கும் நடக்க வேண்டும். நீ இருந்தால் உன் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டு நடந்துவிடுவேன். சின்ன வயதில் கோயில் திருவிழாவில் நடந்த மாதிரி.

இந்தக் கடிதத்தில் ஏதாவது குறிப்பு ஒளிந்திருக்கிறதா என்று நீ திரும்பத் திரும்பப் படிப்பாய். உன்னை எனக்குத் தெரியும். நல்ல விடை என்பதால் கூப்பிடுகிறாளா, கெட்ட விடை என்பதால் ஆறுதல் சொல்கிறாளா என்று ஒவ்வொரு வரியையும் நிறுத்துப் பார்ப்பாய். பார்க்காதே. நாட்காட்டியை நான் தூக்கவில்லை. எலி இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் வா என்கிறேன்.

குளிருக்கு இரண்டு காலுறையாகப் போட்டுக்கொள். பனியில் வண்டிகள் தாமதமாகும், ஒரு நாள் முன்னதாகவே கிளம்பு. நீ வரும் வழியெல்லாம் வானம் தெளிவாக இருக்கட்டும். அன்று மதியம் உன் பெயரைக் கூப்பிடும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்றும் உன் தங்கை,
ஃபுயுமி